காகிதத்தில் மட்டும் மைத்துனன்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டதைத் தவிர அதிகம் எழுதியதில்லை. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் குழப்பம்தான். வலது கையில் இரண்டு விரல்கள் முழுதாக மடங்காது. அதனால் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். தப்பு இருந்தால் மன்னித்துப் படியுங்கள். நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இதை யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான்.

இந்த நோட்டின் முதல் ஒன்பது பக்கங்களை நான் எழுதவில்லை. திண்டிவனத்து விசா ஏஜெண்ட் ஒருவர் நீல மசியில் அழகாக எழுதிக் கொடுத்தது. எல்லாம் கேள்வியும் பதிலும். அமெரிக்காவுக்கு ஏன் போகிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், கூட வருகிறவர் உங்களுக்கு என்ன வேண்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். பதில்: “என் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.” அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போடச் சொன்னாள் என் மனைவி. நான் போடவில்லை. அதற்குப் பிறகு வரும் வெள்ளைப் பக்கங்களில்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் மரக்காணத்தில் உப்பளக் கூலிகள். காலனியில் வீடு. ஒரே மகள், பெருமுக்கலில் கட்டிக் கொடுத்துவிட்டோம். பன்னிரண்டு வயதிலிருந்து நான் ஒரே முதலாளியின் பாத்திகளில்தான் வேலை செய்தேன். அவர் ஊருக்குள் இருப்பவர், அளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்ப்போம். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கூடைக்குக் கீழே பழைய சேலைத் துணியைச் சுருட்டிச் சும்மாடாக வைத்துக்கொள்வார்கள். உப்புத் தண்ணீர் கூடையிலிருந்து சும்மாட்டில் இறங்கி, நெற்றி வழியாகக் கண்ணுக்கு வரும். என் மனைவி கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து இந்த வேலைதான் செய்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. டீ டம்ளர் கையிலிருந்து நழுவும். பூ கட்ட வராது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார். இனிமேல் தலையில் ஒரு சொம்பு தண்ணீர்கூட வைக்கக் கூடாது, வைத்தால் ஒரு நாள் கையும் காலும் விளங்காமல் போகும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் சும்மாட்டுத் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேண்டாம் என்றேன்.

“நான் தூக்கலன்னா அந்த டாக்டரு வந்து தூக்குவாரா?” என்றாள்.

அவளுக்குப் பின்னாலேயே நானும் அளத்துக்குப் போனேன்.

அந்த வருடம் மாசியில் முதலாளி விழுந்தார். உப்பில் சேறு கலந்திருக்கிறது என்று வரப்பில் நின்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்தவர், பாதி வார்த்தையில் வாய் கோணி, பாத்திக்குள்ளேயே சாய்ந்துவிட்டார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். முதுகில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினேன். உயிர் பிழைத்தார். ஆனால் வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஒன்றிரண்டு சத்தம் வரும், அவ்வளவுதான்.

அவருடைய மனைவி அதற்கு நாலு வருடம் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. அவரைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் ஏஜென்சியிலிருந்து வந்த ஆள்கள் யாரும் ஒரு வாரம் தாண்டவில்லை. நல்ல கை இருக்கிறதே, இடது கை, அதை வைத்து அடிப்பார். நான் தொட்டால் மட்டும் அடிக்க மாட்டார். ஏன் என்று தெரியவில்லை. ஒருவேளை முதலில் தூக்கியவன் என்பதாலோ, முப்பது வருடமாகத் திட்டிப் பழகிய ஆள் என்பதாலோ. மகன் போனில் கேட்டுக்கொண்டதால் உப்பளத்தை விட்டு அவர் வீட்டுக்கு வேலைக்கு வந்தேன். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, சாயந்திரம் தள்ளுவண்டி நாற்காலியில் வாசல் வரைக்கும் கூட்டிப்போவது. இரண்டு வருடம் இப்படிப் போயிற்று.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலாளியின் உடம்பில் நான் தொடாத இடம் கிடையாது. ஆனால் சமையல்கட்டுக்குள் நான் போனதில்லை. சமைக்கிற அம்மா எனக்கான சோற்றைப் பின்பக்கம் குழாயடிக் கல்லில் வைத்துவிட்டுப் போவார். குழாய்க்கு மேலே சுவரில் ஒரு மாடம். அதில் எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர், அடியில் ஆணியால் கீறிய ஒரு பெருக்கல் குறி. அது முதலாளியின் மனைவி காலத்தில் வைத்தது. அதற்கு முன்பெல்லாம் கூலி வாங்கப் போகும்போது நான் கையைக் குவிப்பேன், அவர் உயரத்திலிருந்து ஊற்றுவார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மகள் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை கொடுத்தவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவருடைய மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர். மாத்திரைக்குத் தண்ணீர் மட்டும் அந்த டம்ளரில்தான்.

இரண்டாவது வருடம் மகன் வந்தார். பத்து நாள் இருந்தார். நாலு நாள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது நாள் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு, அப்பாவை அமெரிக்காவுக்கே கூட்டிப்போய்விடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். அங்கே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வது அவரால் ஆகாத காரியமாம், அப்பாவும் வேறு ஆளை விட மாட்டார். நீயும் வா என்றார். வீட்டின் கீழ்த்தளத்தில் தனி ரூம், சாப்பாடு, மாதாமாதம் என் மனைவியின் பாஸ்புக்கில் சம்பளம். அவர் சொன்ன சம்பளத்தைக் கேட்டு, மாதமா வருடமா என்று இரண்டு முறை கேட்டேன்.

அவருக்கு என் மனைவியின் கழுத்தைப் பற்றித் தெரியாது. எனக்கு மனதில் அது ஒன்றுதான் ஓடியது. ஒரு வருடம் நான் அங்கே இருந்தால் அவள் சும்மாட்டைத் தூக்கி எறிந்துவிடலாம்.

வீட்டில் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா விசாவுல போறியாம்?”

சுற்றிப் பார்க்கிற விசா, ஆறு மாதம், அப்புறம் ஒரு தடவை நீட்டிக்கலாம், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மகன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“பாத்துக்கலாம்னா யாரு பாப்பாங்க?”

அதை நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை. மறுநாள் கேட்டேன். அதிகநாள் தங்கினால் வெளியே நடமாட முடியாது, வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்ள வேண்டும், உனக்கு வெளியே என்ன வேலை என்றார் மகன். என் வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் வந்துவிட்டுத் திரும்பலாமா என்று கேட்டேன்.

“வரலாம். ஆனா திரும்பப் போக முடியாது.”

பொய் சொல்லாமல் சொன்னார். அதற்காக அவரை இன்றைக்கும் தப்பாக நினைக்க மாட்டேன்.

கடலோரக் குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் கத்தாரில் ஏழு வருடம் இருந்துவிட்டு வந்தவர். வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன். வெளிநாட்டு வேலை எப்படி என்று கேட்டேன். அவர் அங்கே வேலை கஷ்டம் என்று சொல்லவே இல்லை. முதல் வருடம் அவருடைய அப்பா செத்தபோது, பாடையில் கிடப்பதைப் போனில் காட்டினார்களாம். அப்போது அவர் ஒரு கட்டடத்தின் பதினாலாவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தாராம். போனை இடுப்பில் சொருகிக்கொண்டு மீதிக் கம்பியையும் கட்டி முடித்தாராம். “பாஸ்போர்ட் அவங்கிட்ட, நீ அவங்கிட்ட. அவ்ளோதாம்பா வெளிநாடு” என்றார். பிறகு, அங்கே போகாமல் இருந்தால் இந்தப் படகு ஏது என்றும் அவரே சொன்னார்.

இதையெல்லாம் முதலாளிக்குத் துணி மாற்றும்போது மனதில் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். போனால் அவள் கழுத்து பிழைக்கும். அவள் கழுத்து பிழைத்ததை நான் போனில்தான் பார்ப்பேன். அங்கே எனக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள்? முதலாளி அங்கேயே செத்துவிட்டால் நான் யார்? கடைசிக் கேள்வியை மனைவிதான் வாய்விட்டுக் கேட்டாள். அது உறவு விஷயம் வந்த பிறகு.

உறவு என்பது ஏஜெண்டின் யோசனை. வேலைக்காரன் என்று சொன்னால் அதற்கு வேறு விசா, ஆயிரம் கேள்வி. சொந்தக்காரர் துணைக்கு வருகிறார் என்றால் சுலபம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கும், அதனால் கூடப்பிறந்தவன் என்று சொல்ல முடியாது. முதலாளியின் மனைவிக்குச் சித்தப்பா மகன், ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துவிட்டார். முதலாளிக்கு மைத்துனன். அப்படியானால் அந்த மகனுக்கு நான் தாய்மாமன்.

என் முகத்தைப் பார்த்து ஏஜெண்ட் சிரித்தார். “அமெரிக்காக்காரனுக்கு ஊரு தெரியுமா, காலனி தெரியுமா? அவனுக்கு நம்ம எல்லாருமே ஒரே கருப்புதான். தைரியமா சொல்லு” என்றார்.

மகன் அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவார். ஏஜெண்ட் எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பார். மற்றதெல்லாம் எனக்கு மனப்பாடம். “இவர் உங்களுக்கு யாரு?” என்ற இடம் வந்தால் நின்றுவிடுவேன். அக்கா என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லோடு மாடத்து டம்ளர்தான் கண்ணுக்கு வரும். “நீ சொல்லு, நானும் உன்ன மாமான்னு கூப்பிடப் பழகணும்ல” என்று மகன் சிரித்தார். ஆனால் அவர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டுப் பழகவில்லை.

“அவரு செத்துட்டா நீ யாருக்கு மச்சான்?” என்று மனைவி கேட்டது அப்போதுதான். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

இது எப்படியோ வெளியே பரவிவிட்டது. உறவு விஷயம் இல்லை, அமெரிக்கா விஷயம். பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் டீக்கடையில் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனாலே பேச்சு ஆரம்பிக்கும்.

“அமெரிக்காவுல ஏர்ப்போர்ட்ல எல்லாரையும் செருப்பக் கழட்டச் சொல்லுவானாம்டா.”

“இவனுக்கு அந்த வேலையே இல்ல. பொறந்ததுலருந்து கழட்டித்தான வச்சிருக்கான்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. செருப்புப் போட்டால் இன்றைக்கும் எனக்கு நடை மாறிவிடும்.

கூச்சம் விட்டுப்போக ஏஜெண்ட் ஒரு வழி சொன்னார். வீட்டிலேயே முதலாளியை மாமா என்று கூப்பிட்டுப் பழகு, அப்போதுதான் அங்கே தானாக வரும் என்றார். நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் மத்தியானம், கஞ்சி ஊட்டும்போது, ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோய், “சாப்டுங்க மாமா” என்றேன்.

திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது.

அவருக்கு வலது பக்கம்தான் போனது, காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சி ஆறியது. சமைக்கிற அம்மாவிடம் சூடாக்கி வாங்கிச் சாயந்திரம் கொண்டுபோனேன், திறக்கவில்லை. மறுநாள் காலையில் இட்லியைப் பிசைந்து கொண்டுபோனேன், திறக்கவில்லை. மாத்திரையும் உள்ளே போகவில்லை. அன்றைக்குக் காலையிலும் அவருக்கு மலம் கழுவிவிட்டது நான்தான். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, எப்போதும் போல இடுப்பைத் தூக்கிக் கொடுத்தார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. நோயில் கிடக்கிற மனிதர் பட்டினி கிடக்கிறாரே என்று. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

“தப்பா நெனச்சிக்காதீங்க ஐயா. அது பேப்பருக்குத்தாங்க. பேப்பருக்கு மட்டுந்தான்.”

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் திரும்பியது. வாயைத் திறந்தார். நான் ஊட்டினேன். நல்ல பசி, கிண்ணம் காலியாயிற்று.

இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. ஏஜெண்டிடம், பழகிவிட்டது என்று சொன்னேன்.

சென்னைக்கு இரண்டு முறை போனோம், காரில், முதலாளியும் நானும் டிரைவரும். முதல் முறை கைரேகைக்கு. அதைப் பற்றித்தான் எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். உப்பளக்காரனுக்கு விரலில் ரேகை இருக்காது, உப்புத் தண்ணீர் தின்றுவிடும். ரேஷன் கடை மிஷினில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விரல் விழாது. கண்ணைக் காட்டித்தான் வாங்குவோம். ஆனால் அங்கே இருந்த பெண், கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொல்லி வைத்ததும் ஒரே தடவையில் விழுந்துவிட்டது. இரண்டு வருடம் உப்பைத் தொடாமல் இருந்ததில் ரேகை திரும்ப முளைத்திருக்கிறது. காரில் வரும்போது என் பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டே வந்தேன். கோடு கோடாக, புதுசாக, யாருடைய கையோ மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒரு நாள்தான் நான் அமெரிக்கா போய்விடுவேன் என்று முழுசாக நம்பியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் விரலை நீட்டினேன். அவள் மரத்துப்போன கையால் தொட்டுப் பார்த்தாள். “எனக்குத் தெரியலய்யா” என்றாள். இடது கையால் மறுபடி தொட்டாள். “ஆமா, சொரசொரன்னு இருக்குது” என்றாள்.

இரண்டாவது முறை நேர்முகம், அமெரிக்கத் தூதரகத்தில். பேண்ட், சட்டை, ஷூ எல்லாம் ஏஜெண்ட் வாங்கச் சொன்னது. உள்ளே வரிசை வரிசையாக நாற்காலி. முதலாளியைத் தள்ளுவண்டியில் ஓரமாக நிறுத்தினேன். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. நான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். காவலுக்கு இருந்தவர் வந்து, உட்காருங்க சார் என்றார். உட்கார்ந்தேன், ஆனால் இரண்டு நாற்காலி தள்ளி. இப்போது நினைத்தால், அங்கேயே பார்க்கிறவர்களுக்கு விளங்கியிருக்கும்.

எங்கள் எண் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் தமிழ் சொல்ல ஒரு பெண். இரண்டு பேருமே சிரித்த முகம்தான். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். மகன் என்ன வேலை என்று கேட்டார்கள். சொன்னேன். ஒன்பது பக்கமும் கண் முன்னால் ஓடியது.

“இவர் உங்களுக்கு என்ன உறவுங்க?”

நான் முதலாளியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நேராகக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லு என்றுதான் ஏஜெண்ட் எழுதியிருந்தார். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அமெரிக்கா போக வேண்டும், மகனைப் பார்க்க வேண்டும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். இது வெறும் பேப்பருக்கு என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய கீழ்த்தாடை மெல்ல மேலே ஏறி வாய் இறுகுவதைப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் மூடிக்கொண்ட அதே மாதிரி.

“எங்க முதலாளிங்க” என்றேன்.

தமிழ்ப் பெண் அதை உடனே இங்கிலீஷில் சொல்லவில்லை. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது போல மெதுவாக மறுபடியும் கேட்டார். உறவுங்க, சொந்தத்துல என்ன வேணும்? மாமா என்ற சொல் தொண்டையில்தான் இருந்தது. வெளியே வந்தது வேறு.

“முதலாளிங்க. நான்தான் பாத்துக்கறேன்.”

அவ்வளவுதான். ஒரு தாளும் இரண்டு பாஸ்போர்ட்டும் கண்ணாடிக்குக் கீழே வந்தன. எனக்கு இல்லை என்று ஆனதில் அவருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது.

எல்லோரிடமும் வாய் தவறிவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஏஜெண்டிடம், மகனிடம், மனைவியிடம். அது உண்மை இல்லை. பொய் சொல்லக் கூடாது என்ற நல்ல எண்ணமும் இல்லை. ரோஷமும் இல்லை. பயம். படுக்கையில் கிடக்கிற, என் கையால் தின்கிற ஒரு மனிதர் வாயை மூடிக்கொள்வாரோ என்ற பயம். காலனி தெரியாத, ஊர் தெரியாத அந்த இடத்தில், அமெரிக்காக்காரர்களின் கட்டடத்துக்குள்ளேயே நின்றுகொண்டு, நான் அவருக்குத்தான் பயந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் மனைவியின் கழுத்து எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

திரும்பி வரும்போது காரில் முதலாளிக்குத் தாகம் எடுத்தது. பாட்டிலைச் சாய்த்துக் கொடுத்தேன். குடித்தார். கொஞ்சம் போனதும் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. மரக்காணம் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

மகன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “உன்னால அப்பாவும் வர முடியாமப் போச்சு” என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் முதலாளியை வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள், பெரிய முதலியார்சாவடிப் பக்கம். வீட்டைப் பூட்டினார்கள். குத்தகை வேறு ஒருவர் கைக்குப் போயிற்று. என் டம்ளர் அந்த மாடத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்த இல்லத்துக்குப் போனேன். கையில் மலைவாழைப்பழம் இருந்தது, அவருக்கு அதுதான் சுலபமாக இறங்கும். கேட்டில் இருந்தவர், சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார். நீங்கள் யார் என்று கேட்டார். அங்கே மைத்துனன் என்று சொல்லியிருந்தால் யாரும் பாஸ்போர்ட் கேட்டிருக்க மாட்டார்கள். எதிர் மரத்தடியில் போய் நின்று இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு திரும்பிப் போய், பழத்தை மட்டும் உள்ளே கொடுத்துவிடச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். யார் ஊட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. வாயைத் திறக்கிறாரா என்றும் தெரியவில்லை.

தையிலிருந்து ஆவணி முடிய நாங்கள் இருவரும் புதுக் குத்தகைக்காரரின் பாத்திகளில் வேலை செய்தோம். நாலாவது மாதத்திலேயே ரேஷன் கடை மிஷின் என் விரலை மறுபடி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவள் சுமந்தாள். வலது கையால் கூடையைப் பிடிக்க முடியாது, அதனால் இடது கையை மட்டும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடப்பாள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரையோ கூப்பிடுவது போல இருக்கும். நான் பலகையை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். வேலையப் பாருய்யா என்று அங்கிருந்தே சொல்வாள். புரட்டாசியில் இடது காலும் இழுக்க ஆரம்பித்தது.

அமெரிக்கா பற்றி அவள் ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

“வாய் தவறிப்போச்சுன்னு சொன்னியே, நெஜமாவா?”

ஆமாம் என்றேன். அவள் நம்பியது போலத் தலையாட்டினாள். தலையை ஆட்டும்போது அவளுக்கு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது மழை. அளம் முழுக்க ஒரே தண்ணீராகக் கிடக்கிறது, எது வரப்பு எது பாத்தி என்று தெரியவில்லை. தண்ணீர் வடிந்து தை பிறக்கும் வரைக்கும் அவளுக்கு ஓய்வு. சும்மாட்டுத் துணியைத் துவைத்து அடுப்படிக் கொடியில் போட்டிருக்கிறாள், ஈரம் இன்னும் போகவில்லை. நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். கேள்வி பதில் என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

கார்த்திகை மாதம், பத்தாம் தேதி, புதன்கிழமை.